ஜன்னல் வெளிச்சத்தில் முகம்: முதல் உருவப்படத்தை எடுப்பது எப்படி?

முதலில் அறையில் எரியும் விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். பல்பின் மஞ்சள் ஒளியும் ஜன்னல் வழியே வரும் பகல் ஒளியும் ஒரே முகத்தில் கலந்தால், ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலம் பாய்ந்தும் பதிவாகும். பிறகு எந்தச் செயலியைக் கொண்டும் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஃப்ளாஷும் வேண்டாம்.

அடுத்து, நேரடி வெயில் விழாத ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளி, ஜன்னலைப் பார்த்தபடி நீங்கள் படமெடுக்கப்போகிறவரை அமரச் செய்யுங்கள். இந்நிலையில் முகம் தட்டையாகவே தெரியும். இப்போது நாற்காலியோடு மெல்ல ஒரு பக்கம் திரும்பச் சொல்லி, மூக்கின் நிழலை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். அது நீண்டுகொண்டே போய்க் கன்னத்தின் நிழலைத் தொடும்போது, நிழல் விழுந்த பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக வெளிச்சம் எஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படும் ஒளியமைப்பு இதுதான். அங்கேயே நிறுத்தச் சொல்லி, முகத்துக்கு எதிரே போய் நில்லுங்கள். இருண்ட பக்கம் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தால், ஒரு வெள்ளை அட்டையை அந்தப் பக்கமாகப் பிடித்து, நிழலுக்குள் கண் தெளியும் வரை அருகே கொண்டுவாருங்கள்.

எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கைப்பேசியை முகத்தருகே நீட்டி என் அக்காவை நான் எடுத்த முதல் படத்தில் மூக்கு முந்திக்கொண்டு நிற்க, காதுகளைக் காணோம். அதற்காக அவர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. குற்றம் லென்ஸுடையது அன்று. 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது மூக்குக்கும் காதுக்கும் உள்ள சிறு இடைவெளிகூடப் பெரிய விகிதமாகிவிடுகிறது. 2 மீட்டரிலோ அது பொருட்டே அன்று. ஆகவே பின்னால் நகர்ந்து, கைப்பேசியில் 2 அல்லது 3 மடங்கு ஜூம் வையுங்கள். முழுச்சட்டக கேமரா (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்கு ஒளியுணரி கொண்டது) வைத்திருப்பவர்களுக்கு 85 மில்லிமீட்டர் லென்ஸ் மிகவும் பொருந்தும்.

கேமரா, அமர்ந்திருப்பவருடைய கண்மட்டத்தில் இருக்கட்டும். பின்சுவர் அவரிடமிருந்து விலகியிருந்தால் நல்லது.

ஃபோகஸை உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். கைப்பேசியில் அந்தக் கண்ணைத் தொட்டாலே போதும். கேமராவாயின் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8, ஷட்டர் வேகம் (ஒளி பதியும் நேரம்) 1/125 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஆட்டோ என்று தொடங்கலாம். இன்னும் அகலத் திறந்து பின்னணியை மேலும் மங்கலாக்கும் எஃப் 1.8 ஆசை காட்டும்; ஆனால் முகம் கேமராவிலிருந்து சற்றே திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கிவிடக்கூடும்.

‘சிரியுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சில படங்கள் எடுத்தபின் முடிந்துவிட்டதைப்போலக் கேமராவைத் தாழ்த்தினால், இறுகியிருந்த தோள்கள் தளர்ந்து முகம் இயல்புக்குத் திரும்பும். உடனே இன்னும் இரண்டு எடுங்கள். பிறகு திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் ஜன்னலின் வெண்கட்டம் கூர்மையாகத் தெரிந்தால் ஃபோகஸ் சரி. மங்கலாக இருந்தால், அவர் எழுந்து போவதற்குள் மறுபடி எடுத்துவிடுங்கள்.