கர்னல் அப்டேட்: /பூட் நிறைந்தால் கையால் அழிக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செகண்ட் ஹேண்ட் மடிக்கணினியில் உபுண்டுவோ மிண்டோ (இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள்) போட்டுக் கொடுக்கும் தம்பிகள் ஒரே தவறுகளில்தான் திரும்பத் திரும்ப மாட்டுகிறார்கள். பாஸ்வர்டு மறப்பது போன்ற சில்லறை விஷயங்களை விடுங்கள். கணினியையே எழுந்திருக்க விடாமல் செய்பவற்றை மட்டும் பார்ப்போம்.

/பூட்டில் ஆர்எம் போடுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கர்னல். கணினி எழும்போது வேண்டிய கர்னல் கோப்புகள் இருக்கும் இடம் /பூட். டிஸ்கை என்கிரிப்ட் செய்து நிறுவினால் அது தனிப் பார்ட்டிஷனாகிவிடும். பழைய நிறுவல்கள் பலவற்றில் அது ஒரு ஜிபிகூட இருக்காது. கர்னல் ஒவ்வொன்றுக்கும், தொடக்கத்தில் டிஸ்கைத் திறக்க உதவும் ஒரு இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பு உண்டு. சில கணினிகளில் அதுவே 100 எம்பியைத் தாண்டும். அப்டேட்களில் நாலைந்து கர்னல் சேர்ந்தால் இடம் முடிந்தது. அப்டேட் பாதியில் நின்று, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வரும்.

உடனே உள்ளே போய், பழையதாகத் தெரிவதை ஆர்எம் போட்டு அழிக்கிறார்கள். 6.8.0-45, 6.8.0-54 என்று பெயர்கள் ஒட்டிப் பிறந்தவை. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலே போய்விடும். சரியானதை அழித்தாலும் நிறுவிய பேக்கேஜ்களைக் கவனிக்கும் டிபிகேஜியின் கணக்கில் அந்தப் பேக்கேஜ் இருந்துகொண்டே இருக்கும், பூட் ஆகும்போது கர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவிலும் பெயர் நிற்கும். புதிய கர்னலுக்கு இனிட்ரேம்எஃப்எஸ் உருவாகாமலே ரீஸ்டார்ட் செய்தால், ‘அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்’ என்று கர்னல் பேனிக், கணினி அங்கேயே நின்றுவிடும்.

செய்ய வேண்டியது இது. ‘டிஎஃப் -எச் /பூட்’ போட்டு இடத்தைப் பாருங்கள். ‘யூநேம் -ஆர்’ காட்டும் எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். அதுதான் இப்போது ஓடும் கர்னல், அதைத் தொடவே கூடாது. பிறகு ‘சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’. பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவியான ஏபிடி, தேவையற்ற பழைய கர்னல்களைத் தானே எடுத்துவிடும். ஏபிடியே அடம்பிடித்தால், ஆகப் பழைய கர்னல் ஒன்றின் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா இரண்டையும் ஒரே ‘சுடோ டிபிகேஜி --பர்ஜ்’ கட்டளையில் முழுப் பெயருடன் கொடுங்கள். எக்ஸ்ட்ரா பேக்கேஜ் இமேஜைச் சார்ந்தது, அதனால் இமேஜை மட்டும் தனியாக எடுக்க விடாது. இடம் கிடைத்ததும் ‘சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’, அதன்பின் ‘சுடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டால்’.

ஏற்கெனவே பேனிக்கில் நிற்கிறதா? பூட் ஆகும்போது எஸ்கேப் பொத்தான், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே முந்திய கர்னலைத் தேர்ந்து நுழைந்து, மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

இடி இடிக்கும் நேரத்தில் அப்கிரேட்

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் தொடங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் மடிக்கணினியில் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். கரண்டு போனால் கணினியும் போகும். பதிவிறக்கம் அறுந்தால் கவலையில்லை, ஏபிடி விட்ட இடத்திலிருந்து தொடரும். ‘அன்பேக்கிங்’, ‘செட்டிங் அப்’ ஓடும்போது அறுந்தால்தான் வினை. அப்போதும் மறுநிறுவல் தேவையில்லை. மேலே கடைசியாகச் சொன்ன ‘--கன்ஃபிகர் -ஏ’, ‘-எஃப் இன்ஸ்டால்’ இரண்டு கட்டளைகளையும் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

லாக் கோப்பை அழிப்பது

ஒரு நேரத்தில் ஒரு அப்டேட் மட்டும் ஓட ஏபிடி போடும் பூட்டுதான் லாக் கோப்பு. அது தடுக்கிறது என்று அழிக்க வேண்டாம். பின்னணியில் அப்டேட் ஓடுகிறது, பொறுங்கள்.

பழைய கர்னலை உடனே நீக்குவது

புதியதில் வைஃபை, ஒலி, ஸ்லீப் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்க்கும்வரை முந்தியது ஒன்று இருக்கட்டும். பிராட்காம் வைஃபை உள்ள பழைய கணினிகளில், கர்னல் மாறியதும் டிகேஎம்எஸ் என்ற கருவி வைஃபை டிரைவரை அந்தக் கர்னலுக்கேற்பப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு வேண்டிய லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக் பேக்கேஜ் இல்லையென்றால் கட்டாது, வைஃபை காணாமல் போகும். ஹெட்டர்ஸை இறக்கவும் இணைய லைன் வேண்டுமே என்று விழிக்காதீர்கள். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (கைப்பேசியின் இணையத்தைப் பகிர்வது) போட்டால் வைஃபை டிரைவர் இல்லாமலே லைன் கிடைக்கும்.