பெரிய ட்ரேட் செய்தி வந்தால் அதை எப்படிப் படிப்பது

ட்ரேடில், அதாவது டீம்கள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில், ஒரு நட்சத்திர வீரர் டீம் மாறுகிறார் என்றதும் "இந்த வருஷம் கப் இவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிடுவது சுலபம். பெங்களூரில் அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ சாயங்காலம் ஆடி முடித்துவிட்டு டீக்கடையில் நின்று அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ பற்றிப் பேசும் நம்ம பசங்களிடம் நான் எப்போதும் கேட்பது இதைத்தான்: வந்தவர் யார் என்று ஊருக்கே தெரியும், போனவர் யார் என்று சொல்லுங்கள். ட்ரேடைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கம்தான் அடிப்படை.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயசு, இந்த சீசன் சம்பளம், ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். கீழே டிராஃப்ட் பிக்குகள், அதாவது லீகுக்குப் புதிதாக வரும் இளம் வீரர்களை வருஷா வருஷம் ரவுண்டு ரவுண்டாகத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள். அவ்வளவுதான்.

லூக்கா டான்சிச் ட்ரேடை வைத்தே பழகலாம். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, நமக்குக் காலை பத்தரை தாண்டிய நேரம். "மச்சா, டல்லாஸ்காரன் லூக்காவ குடுத்துட்டான்" என்று மெசேஜ் வந்தபோது நிறையப் பேர் நம்பவே இல்லை, செய்தி போட்ட நிருபரின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். சரி, தாளுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு டல்லாஸிலிருந்து வந்த முக்கியமான ஆள் லூக்கா, வயசு 25. போனது ஆன்டனி டேவிஸ், வயசு 31, கூடவே மேக்ஸ் கிறிஸ்டி, 2029 முதல் ரவுண்டு பிக். சம்பளத்தைப் பாருங்கள், லூக்காவுக்கும் டேவிஸுக்கும் அந்த சீசனில் ஆளுக்குச் சுமார் 4.3 கோடி டாலர். இது தற்செயல் இல்லை. ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்பைத் தாண்டி நிற்கும் டீம் ஒருவரை வாங்க வேண்டும் என்றால் ஏறக்குறைய அதே அளவு சம்பளத்தை வெளியே அனுப்பியாக வேண்டும். லீகும் வீரர் சங்கமும் 2023இல் போட்ட ஒப்பந்தத்தில் வந்த, அந்த உச்சவரம்புக்கும் மேலே இருக்கும் செகண்ட் ஏப்ரன் என்ற எல்லைக்கு மேலே போய்விட்டால் இன்னும் கெடுபிடி: இரண்டு மூன்று பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்கவே முடியாது. "மூணு பெஞ்ச் ஆளைக் குடுத்து ஒரு சூப்பர் ஸ்டாரை வாங்கலாமே" என்று யாராவது சொன்னால், முதலில் அந்த டீம் எந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வலது பக்கம். டேவிஸ் போனதும் லேக்கர்ஸுக்கு ரிங் பக்கத்தில் நின்று காக்க சரியான உயரமான ஆள் இல்லை. சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸை வாங்கினார்கள், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அதை அவர்களே ரத்து செய்தார்கள். சீசன் முடிந்து கப்புக்காக நடக்கும் பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றார்கள். நான்காவது மேட்ச்சில் கோச் ஜேஜே ரெடிக் இரண்டாவது பாதி முழுக்க ஒரே ஐந்து பேரை மாற்றாமல் ஆடவைத்தார். கடைசி மேட்ச்சில் மினசோட்டாவின் உயரமான ஆள் ரூடி கோபேர் 27 பாயின்ட், 24 ரீபவுண்ட். ஓட்டை எங்கே என்று வலது பக்கத்தைப் பார்த்தவர்களுக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். அதற்காக லேக்கர்ஸ் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, 25 வயசில் அப்படி ஒரு ஆள் கிடைத்தால் எவனும் விடமாட்டான். அந்த வருஷமே கப் என்ற கணக்குதான் தப்பு.

அடுத்து பிக்குகள். இதைத்தான் பலர் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் ஆதங்கம். 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் இன்னொரு டீமான கிளிப்பர்ஸ் பால் ஜார்ஜை வாங்க ஓக்லஹோமாவுக்கு என்ன கொடுத்தது? ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதல் ரவுண்டு பிக்குகள், அதற்கு மேல் பிக் மாற்றிக்கொள்ளும் உரிமையும். அன்றைக்கு எல்லோரும் பேசியது அதே சமயம் கிளிப்பர்ஸில் சேர்ந்த கவாய் லெனர்டும் பால் ஜார்ஜும் ஒன்றாக ஆடப்போவதைப் பற்றித்தான். கிளிப்பர்ஸ் ஒரு ஃபைனலுக்குக்கூடப் போகாத நிலையில் 2024இல் பால் ஜார்ஜ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். அந்தப் பிக்குகளில் ஒன்றில் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார், ஷே எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர் ஆனார், 2025இல் இந்தியானாவை ஏழு மேட்ச்சில் வென்று ஓக்லஹோமா கப் தூக்கியது. பிக் எழுதும்போது வருஷத்தையும், அதற்குப் பாதுகாப்பு நிபந்தனை (பிக் குறிப்பிட்ட முன் இடங்களுக்குள் வந்தால் கொடுத்த டீமிடமே தங்கிவிடும் என்பது) இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஏழு வருஷம் தள்ளி வரும் பிக் வரைக்கும் விற்கலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு எதிர்கால வருஷங்களில் முதல் ரவுண்டு பிக்கே இல்லாமல் நிற்க விதி அனுமதிக்காது.

ஒப்பந்தம் முடியப்போகும் ஆளை வாங்குவது தனிக் கதை. 2018இல் டொராண்டோ, ஊரே கொண்டாடிய டிமார் டிரோசனைக் கொடுத்து கவாயை வாங்கியது, ஒரு வருஷத்தில் போய்விடலாம் என்று தெரிந்தே. போகத்தான் செய்தார், ஆனால் 2019 கப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு. இங்கேயும் கூட இருந்தவர்களைப் பாருங்கள்: ஃபிரெட் வான்வ்லீட், செர்ஜ் இபாகா, பிப்ரவரியில் மெம்ஃபிஸிலிருந்து வந்த மார்க் கசோல். அடித்தளம் இருந்த டீம் எடுத்த துணிச்சல் அது. ஜ்ரூ ஹாலிடேயும் அப்படித்தான், 2020இல் மில்வாக்கி வாங்கியது, 2021இல் கப். 2023இல் பாஸ்டன் வாங்கியது, 2024இல் கப். போஸ்டரில் முதல் முகமாக வராத ஆள், ஆனால் எதிரணியின் முக்கிய ஆளை இழுத்துப் பிடிப்பார். கப் கணக்கு போடுகிறவர்கள் இந்த மாதிரி ட்ரேடைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

ட்ரேட் செய்யக் கடைசி நாள் வழக்கமாகப் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, நியூயார்க் நேரம் மதியம் 3 மணி. பெங்களூரில் அது வெள்ளிக்கிழமை அதிகாலை 1:30. விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, காலையில் எழுந்து முழு விவரம் வந்தபிறகு தாளை நிரப்புவதுதான் நல்லது, ராத்திரி வரும் வதந்தியில் பாதி விடிந்ததும் மாறிவிடும். அப்புறம் ஒரு நாலைந்து மேட்ச் பாருங்கள். கிழக்குக் கரை மேட்ச்கள் அந்த மாதத்தில் காலை 5:30, 6 மணிக்குத் தொடங்கும், லாஸ் ஏஞ்சலஸில் நடப்பவை 9 மணிவாக்கில். ஆபீஸ் இருந்தால் கடைசி குவார்ட்டரை மட்டுமாவது பாருங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் களத்தில் யார் நிற்கிறார்கள், புது ஆளுக்குப் பந்து போகிறதா, பெஞ்சிலிருந்து வருகிறவர்களில் யாரைக் கோச் நம்புகிறார் என்று அதே தாளின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். ஏப்ரலில் பிளேஆஃப் தொடங்கும்போது எந்த டீமை நம்புவது என்று அதைப் பார்த்துச் சொல்லலாம்.