கடைத் தொலைபேசியை இணைய அழைப்புக்கு மாற்றும் முன்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் நெடுங்காலமாகக் கடை நடத்துவோருக்கு, பெயர்ப்பலகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் அச்சாகியிருக்கும், 6இல் தொடங்கும் எட்டு இலக்க எண் பெரும் சொத்தாகும். ஆகவே இணைய இணைப்பு வழியாகப் பேசும் இணைய அழைப்புக்கு மாறும்போது, அந்த எண் புதிய சேவைக்கு வந்து, வெளியிலிருந்து அழைத்தால் மணி ஒலிக்கிறது என்று உறுதியாகும் வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். முந்திக்கொண்டு ரத்து செய்தால் எண் கைவிட்டுப் போகக்கூடும். ஓர் அழைப்புக்கு நொடிக்கு ஏறக்குறைய 100 கிலோபிட் வேகமே போதும் என்பதால் ஃபைபர் இணைப்பு தாராளமாகத் தாங்கும். மின்சாரத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும்: மின்தடையின்போது ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிட்டால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு அவசர எண்ணான 995ஐக்கூட அந்தத் தொலைபேசியில் அழைக்க இயலாது என்பதால், இரண்டையும் மின்தடையின்போது பேட்டரியால் மின்சாரம் தரும் ஒரு யூபிஎஸ்ஸில் இணைத்து, அழைப்புகள் தாமாகவே கைப்பேசிக்குத் திரும்பும் வசதியையும் அமைத்துக்கொள்ளுங்கள். பழைய இணைப்பில் தொலைநகலோ திருட்டு எச்சரிக்கை மணியோ இருந்தால், அவை இணைய அழைப்பிலும் வேலை செய்கின்றனவா என்று முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.