பேய்ப் படம் பயமுறுத்தவில்லையா? பார்க்கிற விதத்தில் தவறு இருக்கலாம்

"பேய்ப் படம் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்" என்று சொல்பவர் எந்த நண்பர் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். எந்தப் படத்தை, எதில், எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பட்டப்பகலில் பஸ்ஸில் போகும்போது செல்போனில் பார்த்திருப்பார். இல்லையென்றால் யூடியூபில் யாரோ பத்து நிமிடத்தில் கதை சொல்லி முடித்ததைப் பார்த்துவிட்டு, படத்தையே பார்த்ததாகக் கணக்கு வைத்திருப்பார்.

நல்ல திகில் படம் தன் வேலையில் பெரும்பகுதியைப் பேய் வருவதற்கு முன்னாலேயே செய்துவிடும். அந்த நேரத்தைத்தான் நாம் ஓட்டிவிட்டோ, பேசிக்கொண்டோ, வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டோ கழிக்கிறோம். அப்புறம் பேய் வந்ததும் "அவ்வளவுதானா" என்கிறோம்.

தூக்கிவாரிப் போடுவதைப் பயம் என்று எண்ணுவது

ஒரு படம் எவ்வளவு பயங்கரம் என்பதை, எத்தனை தடவை சீட்டிலிருந்து எகிறினோம் என்று எண்ணிச் சொல்கிறவர்கள் நிறைய. காதருகே பலூன் வெடித்தாலும்தான் எகிறுவோம். அது உடம்பு தானாகச் செய்வது. அதில் கதைக்கு வேலையே இல்லை, அடுத்த நொடியே வடிந்தும் விடும்.

இந்த உத்தி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஆலிஸ் என்ற பெண் ராத்திரியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரமாகத் தனியாக நடந்து வருகிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம். டக் டக் என்று அதுவும் கூடவே வருகிறது. கோபம் வந்தால் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்புகிற ஐரீனாதான் அவள். தெருவிளக்கின் வெளிச்சம், அப்புறம் இருட்டு, மறுபடி வெளிச்சம். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள். திடீரென்று மிருகம் சீறுவது போல ஒரு சத்தம். பார்த்தால் ஒரு பஸ் வந்து நிற்கிறது, அதன் பிரேக் சத்தம்!

படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன். அதனால் இந்த மாதிரிப் பொய் அதிர்ச்சிக்கு 'லூட்டன் பஸ்' என்றே சினிமாக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காட்சியின் பயம் பஸ்ஸில் இல்லை. செருப்புச் சத்தம் நின்றதே, அங்கே இருக்கிறது. நடப்பதை நிறுத்திவிட்டாளா, அல்லது நடக்கிற கால் இப்போது செருப்பு போட்ட கால் இல்லையா? இந்தக் கேள்வியை நம் தலைக்குள் போட்டுவிட்டுப் படம் சும்மா இருக்கிறது. பின்னால் வந்த ஏகப்பட்ட படங்கள் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவை விட்டுவிட்டன. அதனால்தான் அவற்றில் பத்துத் தடவை எகிறினாலும் வீட்டுக்கு வந்ததும் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

பேயை முழுசாகக் காட்டவில்லை என்று குறைப்படுவது

"ஒண்ணுமே காட்டலையே" என்பது திகில் படங்களின் மேல் வைக்கப்படும் நிரந்தரப் புகார். 1975-இன் 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா, கடல் தண்ணீரில் இறக்கியதும் அடிக்கடி பழுதாகிவிட்டது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு வேறு வழியில்லை. சுறா இல்லாமலே சுறாப் படம் எடுக்க வேண்டியதாயிற்று. முதல் காட்சியில் ராத்திரி கடலில் நீந்தும் பெண்ணை ஏதோ ஒன்று கீழிருந்து இழுக்கிறது. இடமும் வலமுமாக அவளைத் தண்ணீரில் அலைக்கழிக்கிறது. சுறாவின் ஒரு பல்லைக்கூட நாம் பார்ப்பதில்லை. பிற்பாதியில் சுறாவோடு கட்டிவிட்ட மஞ்சள் பீப்பாய்கள் தண்ணீர்மேல் நகர்வதைப் பார்த்தாலே போதும், கீழே அது இருக்கிறது என்று தெரிந்துவிடும். சுறா சரியாக வேலை செய்திருந்தால் படம் இந்த அளவுக்கு நின்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ரத்தமும் இதே கதைதான். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலையைப் பார்த்தவர்களில் பலர், கத்தி உடம்பில் மாறி மாறிப் பாய்வதைப் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கை, முகம், கத்தி, தண்ணீர் என்று துண்டு துண்டான காட்சிகள். குத்துவதை நம் மனமே ஒட்டிக்கொள்கிறது. அதுவும் கறுப்பு வெள்ளையில். "பழைய படம், அதில் என்ன பயம்" என்பவர்கள் முதலில் இந்த முக்கால் நிமிடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

மெதுவாகப் போகிறது என்று ஓட்டிவிடுவது

என்னைக் கேட்டால் எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரிது. ஒரு சிறுமிக்குப் பேய் பிடிக்கிற 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) என்றதும் எல்லோரும் சொல்வது கட்டிலும், திரும்பும் தலையும், பச்சை வாந்தியும்தான். அந்த அறைக் காட்சிகளை நேராகப் போட்டுப் பார்த்துவிட்டு "காமெடியாக இருக்கிறது" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓட்டிவிட்டது ஆஸ்பத்திரியை. பாதிரியார் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைகிறாள். கழுத்தில் ஊசி குத்தி ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கிறார்கள். பெரிய இயந்திரங்கள் தட்டித் தட்டிச் சத்தம் போடுகின்றன. முடிவில் டாக்டர் வந்து, ரிப்போர்ட்டில் எதுவும் தெரியவில்லை என்கிறார். படம் வந்த புதிதில் பலருக்குத் தலைசுற்றியது இந்த ஊசிக் காட்சியில் என்று சொல்வார்கள். குழந்தைக்கு என்னவென்றே தெரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது பேயை நம்பாதவருக்கும் தெரியும். அந்தப் பயத்தை முதலில் உண்டாக்கிவிட்டுத்தான் படம் மாடியறைக் கதவைத் திறக்கிறது.

தமிழில் இதைச் சரியாகச் செய்த படம் 'யாவரும் நலம்' (2009). விக்ரம் குமார் இயக்கத்தில் மாதவன் நடித்தது. புது அபார்ட்மென்டுக்குக் குடிவருகிறது ஒரு கூட்டுக் குடும்பம். லிஃப்ட் எல்லோருக்கும் வேலை செய்கிறது, மாதவனுக்கு மட்டும் நகர மறுக்கிறது. வீட்டுக்குள் தன்னைச் செல்போனில் படம் எடுத்தால் முகம் கோணலாக விழுகிறது. தினம் மதியம் பெண்கள் உட்கார்ந்து பார்க்கிற டிவி சீரியலில், இந்த வீட்டில் நடப்பதெல்லாம் கதையாக வருகிறது. பாழடைந்த பங்களா கிடையாது, வெள்ளைச் சேலை கிடையாது. வீட்டுக் கடன், லிஃப்ட், சீரியல் என்று நம் வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்தே காரியத்தை முடித்துவிட்டார்கள். முதல் அரை மணி நேரத்தை ஓட்டிவிட்டால், பிறகு அந்த சீரியல் ஓடும்போது உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

காதை மறந்துவிடுவது

ஜான் கார்பென்டர் 'ஹாலோவீன்' (1978) படத்தை எடுத்து, இசையும் ஒலிகளும் சேர்க்கும் முன் ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. கார்பென்டர் தானே உட்கார்ந்து இசையமைத்தார். பியானோவில் ஐந்து ஐந்தாக விழும் தட்டு, நம் கர்நாடக இசையின் கண்ட நடைக் கணக்கு. சினிமாப் பாட்டில் நாலு நாலாகக் கேட்டுப் பழகிய காதுக்கு ஏதோ நிலைகொள்ளாமல் ஓடுவது போல இருக்கும். இசையோடு பார்த்தபோது அதே அதிகாரி மனசை மாற்றிக்கொண்டாராம். கார்பென்டரே இதைச் சொல்லியிருக்கிறார்.

'தி ஷைனிங்' (1980) படத்தில் சிறுவன் டேனி ஆளில்லாத ஹோட்டல் வராந்தாவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். மரத்தரையில் கடகடவென்று சத்தம், கம்பளத்தில் ஏறியதும் கப்சிப். மறுபடி கடகட, மறுபடி அமைதி. காமிரா அவன் முதுகுக்குப் பின்னால் தரையை ஒட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வயிறு இழுத்துப் பிடிக்கும். இதை செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் மிஞ்சுவது ஒரு பையன் சைக்கிள் ஓட்டுகிறான் என்பது மட்டும்தான்.

அதற்காக ஹோம் தியேட்டர் வாங்கச் சொல்லவில்லை. சுமாரான ஹெட்போன் போதும். விளக்கை அணைத்துவிடுங்கள், ஃபேன் சத்தத்தையும் முடிந்தால் குறையுங்கள். சப்டைட்டில் தேர்ந்தெடுக்கும்போது காது கேளாதவர்களுக்கென்று போடுவதைத் தவிர்த்து, வசனம் மட்டும் வருவதைப் போடுங்கள். 'கதவு மெல்லத் திறக்கிறது' என்று கீழே எழுதிக் காட்டிய பிறகு கதவு திறந்து என்ன பயன்? டப்பிங்கிலும் எச்சரிக்கையாக இருங்கள். 'தி எக்ஸார்சிஸ்ட்' பேயின் குரலைக் கொடுத்தவர் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற ஆஸ்கர் வாங்கிய நடிகை. சின்னப் பெண்ணின் வாயிலிருந்து அந்தக் கரகரத்த கிழக்குரல் வருவதுதான் பாதிப் படம். அதை எடுத்துவிட்டுக் கார்ட்டூன் குரலைப் போட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

பேய்க்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது

(ஜப்பானிய 'ரிங்கு' பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். முடிவைச் சொல்லப் போகிறேன்.)

நம் பேய்ப் படங்களில் இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக் கட்டாயம் உண்டு. 'காஞ்சனா' (2011) படத்தில் ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தைப் பறிப்பதற்காகக் கொல்லப்பட்ட திருநங்கைதான் பேய். அந்தக் கதை தெரிந்ததும் தியேட்டர் முழுக்கப் பேயின் கட்சிக்கு மாறிவிடுகிறது. வில்லனை அடிக்கும்போது கைதட்டுகிறோம். இதில் குறை ஒன்றும் இல்லை. அது பேய் வேஷம் போட்ட பழிவாங்கும் படம், அதன் வேலையை நன்றாகவே செய்கிறது. தவறு எங்கே வருகிறதென்றால், அதே அச்சில் மற்றப் படங்களையும் எதிர்பார்க்கும்போது. பேய்க்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அதைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அங்கே பயம் முடிந்துவிடுகிறது.

ஹிடியோ நகாதாவின் 'ரிங்கு' (1998) இந்த எதிர்பார்ப்பை வைத்தே நம்மைக் கவிழ்த்தது. ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர்கள் ஏழாம் நாள் சாகிறார்கள். டிவி நிருபர் ரெய்கோவும் பார்த்துவிடுகிறாள். தேடிக்கொண்டு போனால், சடாகோ என்ற பெண்ணைக் கிணற்றில் தள்ளிக் கொன்ற பழைய கதை தெரியவருகிறது. ரெய்கோ கிணற்றில் இறங்கி, சேற்றுத் தண்ணீரில் எலும்பைத் தேடி எடுத்து மடியில் அணைத்துக்கொள்கிறாள். கெடு தாண்டியும் உயிரோடு இருக்கிறாள். நம் படமாக இருந்தால் இங்கே வணக்கம் போட்டுவிடலாம். ஆனால் மறுநாள் அவளுடைய முன்னாள் கணவனின் வீட்டில் டிவி தானாக ஓடத் தொடங்குகிறது. கிணற்றிலிருந்து சடாகோ ஏறி வருகிறாள், திரையை விட்டு வெளியேயும் வருகிறாள். எலும்பை எடுத்ததும் அணைத்ததும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த நடையையும் கவனியுங்கள். நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். முன்னால்தான் வருகிறாள், ஆனால் மூட்டுகள் மனித மூட்டுகள் போல மடங்கவில்லை. ஏன் கலக்கமாக இருக்கிறது என்று முதல் தடவை பார்க்கும்போது சொல்லத் தெரியாது. முகமும் தெரியாது, முடிக்கு நடுவே ஒரே ஒரு கண் மட்டும். இந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் ரெய்கோ காரில் போய்க்கொண்டிருப்பாள், பக்கத்தில் அந்த கேசட். எங்கே போகிறாள், எதற்காக என்று யோசித்தால் சடாகோவை விட அந்த அம்மா பயமுறுத்துவாள்.

'உண்மைச் சம்பவம்' என்ற எழுத்தை நம்புவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' (1974) படம், இது 1973 ஆகஸ்ட் 18 அன்று நடந்தது என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. படப்பிடிப்பு நடந்ததே அந்தக் கோடையில்தான்! கதைக்குத் தூரத்து விதையாக இருந்தவன் விஸ்கான்சின் மாநிலத்துக் கொலைகாரன் எட் கீன். அவன் 1957-இலேயே பிடிபட்டவன். டெக்சாசும் கிடையாது, ரம்பமும் கிடையாது. 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' (1999) எடுத்தவர்கள் நடிகர்களையே காணாமல் போனவர்கள் என்று போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். படத்தின் ஒரு பகுதியாக இந்தப் பொய்யை ரசிக்கலாம். இது நிஜமா பொய்யா என்று பார்க்கும்போதே கூகுளில் தேட ஆரம்பித்தால் படம் கையை விட்டுப் போய்விடும். முடிந்த பிறகு தேடுங்கள்.

நண்பருக்குப் படம் சொல்லும்போது

"ரொம்பப் பயங்கரம், தனியா பார்க்காதே" என்று ஏற்றிவிட்டு அனுப்பாதீர்கள். அவர் சவாலாக எடுத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிடுவார். டிரெய்லரும் அனுப்ப வேண்டாம், நல்ல காட்சிகளை எல்லாம் அதில் அடுக்கியிருப்பார்கள். அவருக்கு எதில் பயம் என்று கேளுங்கள். தண்ணீரில் இறங்கத் தயங்குகிறவருக்கு 'ஜாஸ்'. வீட்டில் சின்னக் குழந்தை உடம்பு சரியில்லாமல் இருந்தால் 'தி எக்ஸார்சிஸ்ட்' இப்போதைக்கு வேண்டாம். புது வீட்டுக்குக் குடிபோனவருக்கு 'யாவரும் நலம்' என்றால் கொஞ்சம் கொடுமைதான், இருந்தாலும் சொல்லலாம். சிரிப்புதான் வரும் என்கிற அந்த நண்பருக்கு 'கேட் பீப்பிள்' கொடுங்கள். 73 நிமிடம்தான், ஒரு சொட்டு ஓட்டக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள். நீச்சல் குளக் காட்சி வரும்போது போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.