பூட்டைச் சரிபார்க்கும் கட்டாயம் தணிந்த விதம்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்குச் செல்வதற்குள், பூட்டு சரியாக விழுந்ததா என்ற ஐயம் எழுந்து என்னைத் திரும்பி வரச் செய்யும். இழுத்துப் பார்த்தாலும் நிம்மதி சில நிமிடங்களே நீடிக்கும்.

முதலில் பூட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். விரைவிலேயே, அது இன்று எடுத்த படம்தானா என்று தேதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே புதிய கட்டாயமாயிற்று. மனைவியிடம் கேட்டுத் தெளிவு பெறுவதும் அப்படியே முடிந்தது.

மனநல மருத்துவர் இது எண்ணச்சுழற்சி நோய், அதாவது ஓசிடி, என்று கண்டறிந்து ஃப்ளூவாக்சிடின் என்ற மருந்தைத் தந்தார். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம் என்று அவர் முன்பே சொன்னதால் இடையில் நிறுத்தாமல் தொடர்ந்தேன். அத்துடன், 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்ட சிகிச்சை அனுபவத்திலிருந்து வளர்ந்த பயிற்சியையும் என் உளவியலாளர் தொடங்கினார்: ஒருமுறை பூட்டியபின் தொடாமல் நகர்ந்து, பதற்றம் எவ்வளவு ஏறினாலும் திரும்பாமல் இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று இதில் உண்டு. "பூட்டித்தான் இருப்பேன்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வதும் சரிபார்ப்புதான். அதை விட்டு, "பூட்டாமலும் இருந்திருக்கலாம்" என்று ஐயத்தை அப்படியே இருக்கவிட்ட பிறகே பயிற்சி பலித்தது. மனைவியும் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார். மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில் தொடர்கிறேன்.