இரண்டாண்டுக் கல்லூரியில் ஹோலோகாஸ்ட், இனப்படுகொலைக் கல்வியைத் தொடங்குவது எப்படி

அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ்' எனப்படுவதைச் சமுதாயக் கல்லூரி என்று தமிழாக்கினால், நம்மூர் வாசகருக்குத் தொழிற்பயிற்சி மையம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது, பள்ளிப் படிப்பை முடித்த ஏறக்குறைய எவரையும் குறைந்த கட்டணத்தில் சேர்த்துக்கொண்டு இரண்டாண்டுப் பட்டம் தரும் பொதுக் கல்லூரி. விரும்பியவர்கள் அங்கிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகலாம். மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வந்துபோகிறவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள், பலர் பிற நாடுகளிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். இத்தகைய கல்லூரிகள் சிலவற்றில் ஹோலோகாஸ்ட், அதாவது நாஜி ஜெர்மனி ஐரோப்பிய யூதர்களைப் படுகொலை செய்த வரலாறு, பற்றிய கல்விக்கென்றே தனி மையங்கள் நாற்பது ஆண்டுகளாக இயங்கிவருகின்றன. நியூயார்க்கின் குயின்ஸ்பரோ கல்லூரியில் 1983இல் தொடங்கப்பட்டது இன்று குப்பர்பெர்க் ஹோலோகாஸ்ட் மையம் என்ற பெயரில் உள்ளது. நியூஜெர்சியின் புரூக்டேல் கல்லூரியில் உள்ள மையம் அதற்கும் மூத்தது. நியூஜெர்சியில் பள்ளிகளில் இப்பாடத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 1994இல் வந்தது. நாளைய பள்ளி ஆசிரியர்களில் கணிசமானோர் இரண்டாண்டுக் கல்லூரியில்தான் படிப்பைத் தொடங்குகிறார்கள் என்பதால், இந்தக் கல்வி அங்கே இருப்பதற்கு நியாயம் தேட வேண்டியதில்லை.

அத்தகைய கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களையும் நூலகத்தில் பணியாற்றுகிறவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

முதலில் மையம், பெயர்ப்பலகை, திறப்பு விழா என்று யோசிக்காதீர்கள். புதிய பாடம் ஒன்றுக்கு அனுமதி வாங்கவே ஓராண்டு ஓடிவிடும். வாங்கிய பிறகும், மாறிச் செல்லும் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டை (மதிப்புப் புள்ளியை) ஏற்காது என்றால் மாணவர் சேர மாட்டார். ஏற்கெனவே நடக்கும் பாடங்களுக்குள் இரண்டு வாரம், மூன்று வாரம் அளவுக்கு ஓர் அலகைச் சேர்ப்பதே நடைமுறைக்கு உகந்தது. வரலாறும் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியும் எல்லாருக்கும் உடனே தோன்றும் இடங்கள். நான் முதலில் போய்க் கதவைத் தட்டச் சொல்வது செவிலியர் துறையை.

காரணம் இருக்கிறது. நாஜி ஆட்சி விஷவாயு அறைகளை முதலில் கட்டியது யூதர்களுக்காக அல்ல; உடல், மனக் குறைபாடு உள்ளவர்களைக் கொல்வதற்காக. 'டி4' எனப்பட்ட அத்திட்டத்தில் ஆறு கொலை நிலையங்கள் செயல்பட்டன. 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்ட் வரை 70,273 பேர் அவற்றில் கொல்லப்பட்டதாக அத்திட்டத்தின் உள்கணக்கே சொல்கிறது. அதன்பின் கொலை நின்றுவிடவில்லை. மருத்துவமனைகளில் ஊசியாலும் அளவுமீறிய மருந்தாலும் பட்டினியாலும் தொடர்ந்தது. அந்த ஊசியைப் போட்டவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். ஹடமார் நிலையத்தின் தலைமைச் செவிலியர் இர்ம்கார்ட் ஹூபருக்கு 1945 அக்டோபரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1952இல் அவர் விடுதலையானார். மறுவாரம் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகவிருக்கும் மாணவி ஒருத்திக்கு இதைச் சொல்லிவிட்டு, மருத்துவர் எழுதித் தரும் ஆணையை எந்தக் கட்டத்தில் செவிலியர் மறுக்கலாம், மறுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். வரலாற்று வகுப்பில் கிடைக்காத கவனம் அங்கே கிடைக்கும். மனிதர்கள் மீதான பரிசோதனைக்கு இசைவு கட்டாயம் என்று 1947இல் வகுக்கப்பட்ட நியூரம்பெர்க் நெறிமுறையை ஏற்கெனவே தம் பாடநூலில் ஒரு வரியாகப் படித்திருப்பவர்களுக்கு, அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது அன்றுதான் தெரியவரும்.

சொற்களை முதல் நாளே வரையறுத்துக்கொள்ளுங்கள்

ஹோலோகாஸ்ட் என்பது 1933 முதல் 1945 வரை நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் அரசின் திட்டப்படி நடத்திய, அறுபது லட்சம் ஐரோப்பிய யூதர்களைக் கொன்ற ஒடுக்குமுறையும் படுகொலையும் ஆகும். ரோமா மக்கள், உடற்குறை உள்ளவர்கள், சோவியத் போர்க்கைதிகள், போலந்துக் குடிமக்கள் ஆகியோரும் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அவர்களைத் தனித்தனியே, அவரவர் கொல்லப்பட்ட காரணத்தோடு சொல்ல வேண்டுமே அன்றி எல்லாரையும் ஒரே எண்ணிக்கையில் கரைத்துவிடக் கூடாது.

இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனொசைட்' என்ற சொல்லை 1944இல் உருவாக்கியவர் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூதச் சட்ட அறிஞர். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, தேசிய, இன, மரபின, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் ஐந்து வகைச் செயல்களை இனப்படுகொலை என்கிறது. அந்த இரண்டாம் பிரிவை முழுதும் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அரைப் பக்கம்கூட வராது. அரசியல் குழுக்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். கம்போடியாவை முன்பு ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தலைவர்கள் இருவர்மீது 2018இல் வந்த இனப்படுகொலைத் தீர்ப்பு, வியட்நாமியரையும் சாம் முஸ்லிம்களையும் கொன்றதைப் பற்றியது; பெரும்பான்மைக் கெமர் மக்களைக் கொன்றது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றே தண்டிக்கப்பட்டது. ஏன் என்ற கேள்விக்கு அந்த அரைப் பக்கத்திலேயே விடை இருக்கிறது.

கொலைகாரர்களின் சொற்களை நம் சொற்களாக ஆக்கிக்கொள்ளாமல் இருப்பதும் இதில் சேரும். 'மறுகுடியேற்றம்', 'சிறப்பு நடவடிக்கை' போன்றவை ஆவணத்தில் வந்தால் மேற்கோள் குறிக்குள் வைத்து, அதன் பொருள் கொலை என்று எழுத வேண்டும். 'போலந்து முகாம்கள்' என்பதும் தவறு. அவை ஜெர்மனி ஆக்கிரமித்த போலந்தில் ஜெர்மானியர் நடத்தியவை.

ஒரு வகுப்புக்கு ஒரு பொருள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, பன்னிரண்டு ஆண்டு வரலாற்றையும் ஒரே அமர்வில் ஓட்டிவிட முனைவது. பதினைந்து வாரப் பருவத்தில் இதற்குக் கிடைப்பது ஐந்தாறு மணிநேரம். அதை அகலப்படுத்தாதீர்கள்; ஆழப்படுத்துங்கள். எனக்குப் பலமுறை கைகொடுத்தது வார்சா கெட்டோவின், அதாவது போலந்துத் தலைநகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியின், ரகசியக் காப்பகம்.

வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்பூமின் தலைமையில், 'ஓனெக் ஷபாட்' என்ற பெயரில், கெட்டோவுக்குள் அடைபட்டிருந்தவர்களே தங்கள் வாழ்வைப் பதிவுசெய்து வைத்தார்கள். நாட்குறிப்பு, ஆய்வறிக்கை, பள்ளிக் கட்டுரை இவற்றோடு மிட்டாய் உறைகளையும் டிராம் டிக்கெட்டுகளையும் ரேஷன் அட்டைகளையும் சேர்த்தார்கள். 1942 ஆகஸ்டில், ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் போய்க்கொண்டிருந்த நாட்களில், முதல் தொகுதியைப் பத்து உலோகப் பெட்டிகளில் அடைத்து ஒரு பள்ளிக் கட்டடத்தின் அடியில் புதைத்தார்கள். அடுத்த தொகுதி பால் கேன்களுக்குள் போயிற்று. பெட்டிகள் 1946இலும் கேன்கள் 1950இலும் தோண்டியெடுக்கப்பட்டன; மூன்றாம் தொகுதி இன்றுவரை அகப்படவில்லை. பெட்டிகளைப் புதைத்தவர்களில் ஒருவரான டேவிட் கிராபருக்கு அப்போது வயது 19. உலகத்தைப் பார்த்து எங்களால் கதறிச் சொல்ல முடியாததை மண்ணுக்குள் புதைத்தோம் என்ற பொருள்பட அவர் எழுதிய குறிப்பும் பெட்டிக்குள் இருந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை.

இதை எழுபத்தைந்து நிமிட வகுப்பில் இப்படி நடத்தலாம். எதையும் விளக்காமல், அக்காப்பகத்தின் மிட்டாய் உறை ஒன்றின் படத்தைத் திரையில் காட்டி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள்; ஊகம் வேண்டாம். அடுத்து அது எங்கே, எப்போது, எதற்குள் கிடைத்தது என்பதைச் சொல்லிவிட்டு, உயிருக்கே உத்தரவாதம் இல்லாத ஒருவர் இதை ஏன் எடுத்துவைத்தார் என்று கேளுங்கள். கெட்டோவுக்குள் மிட்டாய் தயாரித்தவர்கள் இருந்தார்கள், வாங்கக் காசுள்ள சிலரும் இருந்தார்கள், தெருவோரம் பசியால் செத்தவர்களும் இருந்தார்கள் என்பது அந்தக் காகிதத்திலிருந்தே விரியும். இறுதியாகக் கிராபரின் குறிப்பை வாசித்து நிறுத்துங்கள். வகுப்பில் பாதிப்பேருக்கு அவர் வயதுதான் இருக்கும். அதை நீங்கள் சுட்டிக்காட்டத் தேவையில்லை.

புகைப்படம் காட்டும்போது, எடுத்தவர் யார் என்ற கேள்வி முதலில் வர வேண்டும். 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ஹங்கேரி யூதர்கள் வந்திறங்கிய காட்சிகளாக நாம் பார்ப்பவற்றை எடுத்தவர்கள் முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆட்கள். அந்தக் கேமரா நின்ற இடத்தில் நின்றுதான் நாமும் பார்க்கிறோம். பிணக்குவியல் படங்களை நான் காட்டுவதில்லை; அவை மாணவரை அதிரவைக்கின்றன, அதற்குமேல் எதையும் கற்பிப்பதில்லை. நடித்துப் பார்ப்பதும் கூடாது. நான் பார்த்த ஒரு வகுப்பில், கெட்டோவுக்குப் போவதாக எண்ணிக்கொண்டு ஒரு பெட்டியில் என்னென்ன எடுத்துப்போவீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் ஃபோன் சார்ஜர் என்றார், எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில், சொந்த ஊரைவிட்டு உண்மையிலேயே ஒரே பையோடு வெளியேறி வந்த மாணவர் ஒருவர் எழுந்து வெளியே போனார்.

சாட்சியங்கள்

உயிர்பிழைத்தவரை நேரில் அழைத்துப் பேசவைக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஷோவா அறக்கட்டளையின் காணொளிக் காப்பகத்தில் 55,000க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன. யேல் பல்கலைக்கழகக் காப்பகத்தில் 4,400க்கு மேல். முழு நேர்காணலைப் போட்டால் வகுப்பு தாங்காது. பத்து நிமிடத் துண்டு ஒன்றைத் தேர்ந்து, முதல் தடவை பேனாவைத் தொடாமல் கேட்கவும், இரண்டாம் தடவை குறிப்பெடுக்கவும் சொல்லுங்கள். எங்கே பேச்சு நின்றது, எங்கே வேறு மொழிக்குத் தாவியது என்பவற்றையும் எழுதட்டும். ஆண்டோ இடமோ சாட்சி பிழையாகச் சொன்னால் மறைக்க வேண்டாம். ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்க அது நல்ல வாய்ப்பு. பேசுகிறவர்கள் அனைவரும் பிழைத்தவர்கள், கொல்லப்பட்டவர்களின் சாட்சியம் இப்படிக் கிடைக்காது என்பதையும் ஒரு தடவையாவது சொல்லிவிடுங்கள்.

'எங்கள் மக்களுக்கு நடந்தது?'

இக்கேள்வி கட்டாயம் வரும். ஆர்மேனியர், ருவாண்டர், போஸ்னியர் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் என்றால் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளும் கேட்பார்கள். அம்மாகாணம் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரத்தை 2021இல் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது, அது நீதிமன்றம்வரை எதிர்க்கவும் பட்டது. யார் துன்பம் பெரிது என்ற தராசை எடுக்காதீர்கள். அந்த அரைப் பக்கத்தை மறுபடி எடுத்து, எந்தச் செயலுக்கு என்ன சான்று உண்டு, நோக்கத்தை எப்படி நிறுவுவது, யார் ஏற்கிறார், யார் மறுக்கிறார் என்று மாணவரையே தேடி எழுதச் சொல்லுங்கள். பருவக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தலைப்பு அமைவதில்லை.

சில நடைமுறைகள்

ஜனவரி 27 சர்வதேச நினைவு நாள் என்றாலும், பல கல்லூரிகளில் அப்போது பருவம் தொடங்கியே இராது, அல்லது அப்போதுதான் தொடங்கியிருக்கும். யூத நாட்காட்டியின்படி வரும் யோம் ஹஷோவா என்ற ஹோலோகாஸ்ட் நினைவு நாள் பெரும்பாலும் ஏப்ரலில் விழும். ருவாண்டா, ஆர்மேனிய நினைவு நாட்களும் அம்மாதத்திலேயே வருகின்றன. நிகழ்ச்சியை மாலையில் வைக்காதீர்கள், மாணவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பகுதிநேர ஆசிரியரை அழைத்தால் சன்மானம் கொடுங்கள்.

பயன் விளைந்ததா என்பதை 'மனம் நெகிழ்ந்ததா' என்று கேட்டு அளக்க முடியாது. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கேள்வியைக் கொடுங்கள்: ஹிட்லர் எப்படி ஆட்சிக்கு வந்தார்? மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள் என்றே முதல் நாள் பலர் எழுதுவார்கள். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 33.1 சதவீதம், 1933 ஜனவரி 30 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் அவரைச் சான்சலராக, அதாவது அரசாங்கத் தலைவராக, நியமித்தார் என்று கடைசி நாள் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று எண்ணுங்கள். இரு தாள்களையும், வகுப்பில் பயன்படுத்திய ஆவணப் படிகளையும், எது எடுபடவில்லை என்ற உங்கள் குறிப்பையும் ஒரே கோப்பில் சேர்த்து நூலகரிடம் கொடுத்துப் பதிந்துவையுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை நடத்துபவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.