பழைய நூலகக் கட்டடத்தின் மூல வேலைப்பாடுகளை அடையாளம் கண்டு பதிவு செய்வது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் பழைய நூலகக் கட்டடம் ஒன்றைப் பழுதுபார்க்க முடிவானால், சாரம் கட்டுவதற்கு முன்பே, அதில் கட்டிய நாளிலிருந்து இருப்பது எது, பின்னால் சேர்த்தது எது என்று பிரித்து எழுதிவைத்துவிட வேண்டும். வேலை தொடங்கிவிட்டால் கொத்தனாரின் கரண்டி யாருக்காகவும் நிற்காது.

முதலில் தாள்களைத் தேட வேண்டும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் மாவட்ட அளவில் நூலக ஆணைக்குழுக்களுக்கு வழி செய்தது. அதற்கு முன்பே வாசகசாலையாக எழுந்த கட்டடமானால், ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தபோது எழுதிய சொத்துப் பட்டியல் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். சுவரில் பதித்த கல்லில் இருப்பது அடிக்கல் நாட்டிய ஆண்டா, திறப்பு விழா ஆண்டா என்பதையும் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கூரையில் மங்களூர் ஓடு இருந்தால், ஒன்றிரண்டைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பது நல்லது. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் தொழிற்சாலையில் செய்த ஓட்டில் 1865 என்ற அச்சைக் கண்டதும் கட்டடத்துக்கே அந்த வயதைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டே தவிர, ஓடு சுட்ட ஆண்டு அன்று. முதல் உலகப் போரையொட்டி அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியதால், அப்பெயர் பொறித்த ஓடு அதற்குப் பிந்தையது. ஓடு வேயாத தட்டைக் கூரையுள்ள மட்டப்பாக் கட்டடமானால், தேக்குக் கட்டைகளுக்கு மேல் சிறிய செங்கற்களைச் சாய்கோணத்தில் குத்தவைத்து அடுக்கியிருப்பது மெட்ராஸ் டெரஸ் முறையைக் காட்டும். இரும்பு உத்தரம் இருந்தால், டோர்மன் லாங் போன்ற இங்கிலாந்து எஃகு ஆலையின் பெயர் அதில் புடைத்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

நிதானம் அதிகம் தேவைப்படும் இடம் சுவர். டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் ஒட்டுவேலைகளும், பல பூச்சுகளுக்கு அடியில் மழுங்கிப்போன சுதைப் பூக்களின் விளிம்புகளும் நிழல் விட்டுத் தெரியும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து, ஆணியால் கீறினால் வெளுத்த பொடியாக உதிரும். சிமென்ட் சாம்பல் நிறத்தில் முரண்டு பிடிக்கும். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள தாழையூத்து சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1949இல்தான் என்பதால், அதற்கு மிகவும் முந்திய சுவரில் சிமென்ட் பூச்சு தென்பட்டால் பிற்கால வேலையென்று ஐயப்படலாம். நிறத்தை அறிய, அலமாரிக்குப் பின்னால் உள்ளங்கையகல இடத்தைத் தேர்ந்து, கூரிய கத்தியால் ஒவ்வொரு பூச்சாகப் படிப்படியாக நீக்க வேண்டும்: மேலே எமல்ஷன், அடுத்து டிஸ்டெம்பர், அதற்கடியில் நீலம் கலந்த வெள்ளையடிப்பு, சில வேளை இடுப்பளவு உயரத்தில் ஒரு காவிக் கரை. ஒவ்வொரு படியையும் அளவுகோலோடு படமெடுத்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கிச் சாந்து பொடிந்துவிடும் என்பதால், சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்டோ எமல்ஷனோ மறுபடியும் பூசுவதை ஏற்கவே கூடாது.

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தில் ஆனி, ஆடிச் சாரல் மேற்கிலிருந்து அடிப்பதால், மேற்குச் சன்னல்கள் உளுத்து மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே மூலமான மரச்சட்டம், சாய்பலகை, பித்தளைக் கொக்கி, வண்ணக் கண்ணாடி ஆகியவற்றுக்கு மாதிரியைக் கிழக்குச் சுவரில் தேடுவதே முறை. ஒரே ஒரு பழைய கொக்கி கிடைத்தாலும் போதும். அதை அளந்து வரைந்து, அதே அச்சில் மற்றவற்றைச் செய்யச் சொல்லலாம்.

தரையைக் கனத்த புத்தக அலமாரிகளுக்கு அடியில் பார்க்க வேண்டும். கால் படாத அந்த இடத்தில்தான் சிவப்பு ஆக்சைடின் மூல நிறம் தேயாமல் இருக்கும். பூவோட்டுத் தரையின் கோலம் ஒரு சுவரருகே பாதியில் அறுபட்டால், அச்சுவர் பிறகு எழுப்பியதாக இருக்கலாம்.

கழற்றும் ஒவ்வொரு துண்டிலும், அறையின் பெயர், திசை, வரிசை எண் ஆகியவற்றை எழுதிய துணிச்சீட்டைக் கட்டி, கரையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்திய பலகையில் அடுக்க வேண்டும். பட்டியலின் ஒரு படியை நூலகரிடமும், ஒன்றை ஒப்பந்தக்காரரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும்.